வாக்கர்ட்டன் ஐந்தாம் கிணறு: கிருமி வந்த வேகத்தைக் கணக்கிடுவது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சாகீன் ஆற்றங்கரையில் இருக்கிறது வாக்கர்ட்டன். 2000-இல் மக்கள்தொகை சுமார் 4,800. அந்த ஆண்டு மே மாதம் ஊரின் குழாய்த் தண்ணீரைக் குடித்து 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 65 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் எச்.யூ.எஸ். நோய் கண்டது. ஏழு பேர் இறந்தார்கள். ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பைலோபாக்டர் ஜெஜூனி ஆகிய இரண்டும்தான் காரணம். இரண்டுமே மாட்டுச் சாணத்தோடு வருபவை.

நிர்வாகக் கோளாறுகளுக்காகவே இந்த நிகழ்வு அதிகம் பேசப்படுகிறது. நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் நடத்திய விசாரணையின் முதல் அறிக்கை 2002-இல் வந்தது. அந்தக் கோளாறுகளை அது விரிவாகவே சொல்லியிருக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது வேறு. நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது மழைநீர் வடிந்து ஆற்றுக்கோ கிணற்றுக்கோ வந்து சேரும் நிலப்பரப்பில், கிருமி எப்படிப் பயணிக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஊரின் எண்களைக் கையில் எடுத்தால் எங்கே சறுக்குவார்கள் என்பதைப் பார்க்கிறோம். ஒரு சொல் விளக்கம்: பாட்டிலில் பிடித்த தண்ணீரை 'மாதிரி' என்றும், கணினிக் கணக்கை 'மாடல்' என்றும் எழுதுகிறோம். இரண்டையும் மாதிரி என்றே எழுதும் அறிக்கைகளைப் படித்துக் குழம்பியவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கிணறும் மழையும்

ஊருக்கு அப்போது 5, 6, 7 என்று எண்ணிட்ட மூன்று ஆழ்துளைக் கிணறுகள் தண்ணீர் தந்தன. மாசு வந்தது முக்கியமாக ஐந்தாம் கிணற்றின் வழியே என்பது விசாரணையின் முடிவு. 1978-இல் போட்ட அந்தக் கிணற்றின் ஆழம் 15 மீட்டர்தான். பக்கத்து நீர் உள்ளே வராமல் தடுக்கும் கேசிங் குழாய் முதல் 5 மீட்டருக்கு மட்டுமே. தண்ணீர் வந்ததோ 5.5 முதல் 7.4 மீட்டர் வரையுள்ள விரிசல் விட்ட பாறையிலிருந்து. அதாவது கேசிங் முடிந்த அரை மீட்டருக்குக் கீழேயே ஊற்று. பாறைக்கு மேலே இருந்த மண் போர்வை சுமார் 2.5 மீட்டர். வேலிக்கால் நட ஒரு குழி தோண்டினால் அந்தப் போர்வையில் பாதி போய்விடும்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. ஏப்ரல் பிற்பகுதியில் வயலில் தொழுவுரம் பரப்பினார்கள். அதில் தவறேதும் இல்லை. பண்ணைக்காரர் முறைப்படிதான் நடந்துகொண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது என்று அறிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. மே 8 முதல் 12 வரை ஐந்து நாளில் 134 மி.மீ. மழை பெய்தது, அதில் 70 மி.மீ. 12-ஆம் தேதி ஒரே நாளில். 15-ஆம் தேதி எடுத்த மாதிரிகளில் ஈ.கோலை இருப்பதை ஆய்வகம் 17-ஆம் தேதி தெரிவித்தது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு 21-ஆம் தேதிதான் வந்தது. பண்ணை மாடுகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் நோயாளிகளிடம் கிடைத்தவையும் மரபணு ஒப்பீட்டில் பொருந்தின. எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. எவ்வளவு வேகமாக வந்தது என்பதில்தான் சிக்கல்.

முப்பது நாள் என்று சொன்ன மாடல்

நோய் பரவிய பிறகு, விசாரணைக் காலத்தில், கிணறுகளைச் சுற்றிய நிலத்தடி நீரோட்டத்துக்கு மாட்ஃப்ளோ என்ற மென்பொருளில் ஒரு மாடல் கட்டினார்கள். பாறையை ஒரே சீரான நுண்துளை ஊடகமாக, பெரிய கடற்பஞ்சு போல எடுத்துக்கொள்ளும் வழக்கமான முறை. ஒரு துளி நீர் 30 நாளில் கிணற்றை வந்தடையும் எல்லை ஐந்தாம் கிணற்றுக்கு 290 மீட்டர், ஆறாவதற்கு 150, ஏழாவதற்கு 200 என்று வந்தது. பிறகு அதே பாறையில் சாயம் விட்டு, அது கிணற்றை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். மாடல் வாரக்கணக்கு சொன்ன தூரங்களைச் சாயம் மணிக்கணக்கில் கடந்தது. வித்தியாசம் ஏறத்தாழ நூறு மடங்கு அளவில்.

மாடல் கட்டியவர்கள் கணக்கில் தப்பு செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நிலத்தடி நீர் மாடலை வழக்கமாக எதோடு ஒத்துப் பார்ப்போம்? கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தோடும், பம்ப் எடுக்கும் நீரின் அளவோடும். நீர்மட்டத்தை நிர்ணயிப்பது பாறையின் கடத்துதிறனும் (நீரைத் தன் வழியே விடும் திறன்) நீர்வரத்தும். துளி ஓடும் வேகத்தை நிர்ணயிப்பதோ இன்னொரு எண்: பயனுறு நுண்துளைமை, அதாவது மொத்தப் பாறையில் நீர் உண்மையில் ஓடும் வெற்றிடத்தின் பங்கு. நிலையான ஓட்டத்தில் இந்த எண்ணை நூறு மடங்கு மாற்றினாலும் நீர்மட்டம் ஒரு மி.மீ. கூட நகராது. ஆகவே நீர்மட்டம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், பயண நேரத்தைப் பற்றி அது வாயே திறக்காது.

கையால் போட்டுப் பார்க்கலாம். வேகம் = கடத்துதிறன் × நீர்மட்டச் சரிவு ÷ பயனுறு நுண்துளைமை. முதல் இரண்டின் பெருக்கல் நாளுக்கு 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுண்துளைமை 5 சதவீதம் என்றால் வேகம் நாளுக்கு 10 மீட்டர். 290 மீட்டர் கடக்க 29 நாள். நுண்துளைமை 0.05 சதவீதம் என்றால் வேகம் நாளுக்கு 1,000 மீட்டர்; அதே தூரத்துக்கு ஏழு மணி நேரம். சுண்ணாம்பு, டோலமைட் வகைப் பாறைகளில் நீர் பாறை முழுக்கப் பரவி ஓடுவதில்லை, கரைந்து அகன்ற சில விரிசல்களில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டாவது எண்தான் உண்மைக்குப் பக்கம். பாறைத் துண்டை ஆய்வகத்தில் வைத்து அளந்த நுண்துளைமையை மாடலில் போடுவது இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. அந்தத் துளைகளில் நீர் இருக்கும், ஆனால் ஓடாது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். கிணறு இத்தனை நாளில் இழுக்கும் நீர் முழுவதும் ஓர் உருளையிலிருந்து வருவதாக வைத்தால், ஆரத்தின் வர்க்கம் = (நாள் நீரளவு × நாட்கள்) ÷ (3.14 × ஊற்றுத் தடிமன் × நுண்துளைமை). எடுத்துக்காட்டாக நாளுக்கு 1,500 கன மீட்டர், தடிமன் 2 மீட்டர், நுண்துளைமை 0.05 சதவீதம் என்றால் ஒரே நாளில் ஆரம் சுமார் 690 மீட்டர். 5 சதவீதம் போட்டால் 30 நாளுக்கே 380 மீட்டர்தான். கால்குலேட்டர் போதும், ஐந்து நிமிட வேலை. இதைப் போடாமல் மாடலின் வலைக்கட்டம் கட்ட உட்காரக் கூடாது.

மாடலே இல்லாமல், நாட்காட்டியை வைத்தும் இந்தப் பிழையைப் பிடித்திருக்கலாம். ஓ157 தொற்றியபின் நோய் தெரிய பொதுவாக மூன்று நான்கு நாள் ஆகும். மே 17, 18-இல் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள் என்றால் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தது 13 முதல் 15-க்குள். பெருமழை 12-இல். வயலிலிருந்து பாறைக்குள் இறங்கி, கிணற்றை அடைந்து, குழாய்வழி வீட்டுக்குப் போக எல்லாமாகச் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று நாள். முப்பது நாள் மாடல் அங்கேயே விழுந்துவிடுகிறது.

வயலிலிருந்து எவ்வளவு

இப்போது கிருமி எண்ணிக்கை. நீர்ப்பிடிப்புப் பகுதி மாடல்களுக்குக் கொடுக்கும் உள்ளீடு பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது. கீழே வருபவை வழிமுறையைக் காட்டும் எண்கள், வாக்கர்ட்டன் பண்ணையின் அளவீடுகள் அல்ல.

இறைச்சி மாடு ஒன்று நாளொன்றுக்கு வெளியேற்றும் மலக் கோலிஃபார்ம் (சாணக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா வகை) சுமார் 10¹¹ என்பது பரவலாகப் பயன்படும் கையேட்டு எண். நாற்பது மாடு என்றால் 4×10¹². கிருமிகளின் இறப்பு வீதம் 20 டிகிரி செல்சியஸில் நாளுக்கு 0.2 என்று எடுத்தால், டிகிரிக்கு 1.07 என்ற வெப்பநிலைத் திருத்தக் காரணியைக் கொண்டு 10 டிகிரியில் அது சுமார் 0.1. தினமும் சேரும் தொழுவுரக் குவியலில் எண்ணிக்கை ஒரு நிலையில் நின்றுவிடும்: சேர்க்கை ÷ இறப்பு வீதம், அதாவது 4×10¹³. ஹெச்எஸ்பிஎஃப் என்ற நீர்ப்பிடிப்புப் பகுதி மாடலில் தினச் சேர்க்கைக்கும் உச்ச வரம்புக்கும் தனித்தனியே எண் கேட்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் இந்த வகுத்தலிலிருந்துதான் வர வேண்டும். பலர் இரண்டையும் தனித்தனி இடங்களிலிருந்து எடுத்து ஒட்டுவதால், மாடலுக்குள் மறைமுகமாக ஒரு விசித்திரமான இறப்பு வீதம் உட்கார்ந்துவிடும்.

உரம் பரப்பி 20 நாள் கழித்து மழை. 10 டிகிரியில் மிஞ்சுவது 13.5 சதவீதம், அதாவது 5.4×10¹². குளிர்ந்த வசந்த கால மண்ணுக்கு 20 டிகிரி வீதத்தைத் திருத்தாமல் போட்டால் மிஞ்சுவது 1.8 சதவீதம்தான். ஒரே ஒரு வெப்பநிலையை மறந்ததற்கு ஏழு மடங்கு விலை. அதுவும் ஆபத்தான பக்கத்துக்கு.

இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிசலுக்குள் இறங்கி, கிணறு அன்று எடுக்கும் 1,500 கன மீட்டரில் கலந்தால், 100 மில்லி லிட்டருக்கு 360. பயணம் ஒரு நாள் என்றால் கிணற்றில் 325. முப்பது நாள் என்றால் 18. குடிநீரில் இருக்க வேண்டியது பூஜ்யம் என்பதால் இரண்டுமே தேறாது. ஆனால் 18 வரும் கிணற்றைக் குளோரின் சமாளித்துவிடும் என்று கையெழுத்துப் போடுபவர், 325 வரும் கிணற்றைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுவார்.

'ஆயிரத்தில் ஒரு பங்கு' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டோம் பாருங்கள். அது லட்சத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், நூறில் ஒன்றாகவும் இருக்கலாம், விடை 3.6-க்கும் 3,600-க்கும் இடையில் ஆடும். கிருமி மாடல்களின் விடையை மடக்கை அளவில், பத்தின் அடுக்குகளாகத்தான் பேச வேண்டும் என்பது இதனால்தான். அளந்ததும் கணித்ததும் பத்தின் அரை அடுக்குக்குள், அதாவது சுமார் மூன்று மடங்குக்குள் நின்றால் திருப்திப்படலாம். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு கிருமி எண்ணிக்கை தரும் அறிக்கையைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஸ்வாட்டில் போட்டிருந்தால்

நீர்ப்பிடிப்புப் பகுதிக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பரவலாக ஓடும் மென்பொருள் ஸ்வாட். அதில் கிருமிக் கணக்கு உண்டு: நீடித்து வாழ்பவை, சீக்கிரம் சாகிறவை என்று இரண்டு வகை, இலைமேல் இருப்பவை, மண்நீரில் கரைந்திருப்பவை, மண்துகளில் ஒட்டியிருப்பவை என்று மூன்று இருப்பு. மேல் 10 மி.மீ. மண்ணிலிருந்து மட்டும் ஓடுநீர் அவற்றை அள்ளும். அந்த 10 மி.மீ.-க்குக் கீழே நீரோடு இறங்குபவை? இறந்ததாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடும்.

நல்ல ஆழமான களிமண் வயலுக்கு இந்த அனுமானம் சரியாகவே இருக்கலாம். வாக்கர்ட்டனில் ஆட்களைக் கொன்ற பாதை முழுவதும் அந்த 10 மி.மீ.-க்குக் கீழே. ஸ்வாட்டை எத்தனை கவனமாக அளவுதிருத்தம் செய்தாலும் (அளந்த தரவோடு பொருந்தும்படி எண்களைச் சரிசெய்தாலும்) ஐந்தாம் கிணற்றுக்கு விடை பூஜ்யம். அளவுருவை முறுக்கிச் சரிசெய்ய முடியாத பிழை இது. பாதையே மாடலில் இல்லை. எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு தாளில் பாதைகளை வரைய வேண்டும்: மேல்மண் ஓட்டம், வயல் வடிகால் குழாய், விரிசல், கழிவுநீர்த் தொட்டி, மாடு நேரடியாக ஆற்றில் இறங்கும் இடம். பிறகு மென்பொருள் எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். ஆற்றுப் பக்கத்திலும் இதே போல ஒரு விடுபாடு உண்டு: ஆற்றடி வண்டலில் தங்கிய கிருமி வெள்ளத்தில் மீண்டும் கிளம்புவது ஸ்வாட்டின் அடிப்படைப் பதிப்பில் இல்லை. அதனால்தான் கரையில் மாடே இல்லாத இடத்தில் வெள்ள நாளில் எண்ணிக்கை ஏறுவதை அது கணிக்கத் தவறுகிறது.

பாட்டிலில் வருவது

அளவுதிருத்தத்துக்குத் தரவு வேண்டும். இங்கே நடக்கும் தவறுகள் எங்கும் ஒன்றே. மாதம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, வெயிலடிக்கும் நாளில் பாட்டில் நிரப்புவார்கள். கிருமிச் சுமையில் பெரும்பங்கு வருடத்தின் சில மழை நாட்களில் போய்விடுகிறது. அந்தப் பாட்டில்கள் அதைப் பார்ப்பதே இல்லை. வெள்ளம் ஏறும்போது மூன்று நான்கு, இறங்கும்போது இரண்டு மூன்று மாதிரி எடுத்தால் ஒரு வருட மாதாந்திர மாதிரிகளைவிட அதிகம் தெரியவரும்.

எடுத்த மாதிரியை ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கோலிலெர்ட் என்ற பாக்டீரியா எண்ணும் முறையில் 97 குழித் தட்டு பயன்படுத்தினால் 100 மில்லிக்கு உச்ச வாசிப்பு 2,419.6. வெள்ள நாள் மாதிரியை நீர்க்காமல் போட்டால் எல்லாக் குழியும் மஞ்சளாகி, விடை '2,419.6-க்கு மேல்' என்று வரும். தரவுக் கோப்பில் யாரோ அந்த 'மேல்' என்ற சொல்லை நீக்கிவிடுவார். பிறகு மாடல் 2,419.6-ஐ எட்டிப்பிடிக்கப் படாதபாடு படும். ஒரு கோப்பில் அதே எண் அடுத்தடுத்த வரிகளில் நாலைந்து முறை வந்தால், அது ஆறு சொன்ன எண் அல்ல, தட்டு சொன்ன எண். மழை நாள் மாதிரியை 1:10, 1:100 என இரண்டு நீர்ப்பிலும் போட்டுவைப்பது ஒன்றே வழி.

வரிசை மாறக் கூடாது: முதலில் நீரோட்டம், அடுத்து வண்டல், கடைசியாகக் கிருமி. ஓட்டம் பொருந்தாத மாடலில் கிருமி பொருந்தினால், இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன என்று மட்டுமே அர்த்தம்.

குளோரின்: கடைசிக் கட்டம்

மாடலின் கடைசிப் பெட்டி கிணற்றடியில் இருக்கும் குளோரின் பம்ப். அங்கே அப்போதைய விதி: 15 நிமிடத் தொடர்புக்குப் பிறகு எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்க வேண்டும். எஞ்சிய அளவையும் நிமிடத்தையும் பெருக்கினால் 7.5. இந்த வகைப் பாக்டீரியாக்களில் 99 சதவீதத்துக்கு மேல் கொல்ல இது தாராளம் என்பதை விசாரணையும் ஏற்றது.

ஆனால் கிருமியைக் கொல்வது சேர்த்த குளோரின் அல்ல, எஞ்சிய குளோரின். சாணத்தோடு வரும் கரிமப் பொருள் முதலில் குளோரினைத் தின்றுவிடும். சுத்தமான நாளில் நீர் இப்படித் தின்னும் அளவு, அதாவது அதன் தேவை, லிட்டருக்கு 0.1 மி.கி. என்றால் 0.6 சேர்த்து 0.5 மிஞ்சும். மழை நாளில் தேவை 1-ஐத் தாண்டினால் அதே 0.6 சேர்த்தாலும் மிஞ்சுவது பூஜ்யம். அதாவது கிருமி உச்சத்தில் வரும் அதே மணி நேரத்தில் தடுப்பு காணாமல் போகிறது. மாடலில் குளோரினை '99 சதவீதம் குறைக்கும்' என்று மாறாத எண்ணாகப் போடுபவர்கள் இந்தப் பிணைப்பைத் தொலைத்துவிடுகிறார்கள். கிருமிச் சுமையும் குளோரின் தேவையும் ஒரே மழையின் பிள்ளைகள், சேர்ந்தே ஏறும்.

வாக்கர்ட்டனில் சேர்த்த அளவே குறைவு. தினப் பதிவுத் தாளில் எஞ்சிய குளோரின் 0.5 அல்லது 0.75 என்று மாற்றமின்றி எழுதப்பட்டு வந்தது, அளக்காமலே எழுதியவை. கிணற்றில் எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவிகள் இருந்திருந்தால் இந்த நோய்ப்பரவலையே தடுத்திருக்கலாம் என்றார் ஓ'கானர். தரவை ஆய்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம்: மழை நாளிலும் வெயில் நாளிலும் ஆடாமல் நிற்கும் குளோரின் எண் நல்ல செய்தி அல்ல. உண்மையான அளவீடு ஆடும்.

வட்டங்களும் சாயமும்

இதற்குப் பிறகு ஒன்டாரியோ 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தையும், 2006-இல் நீர் ஆதாரங்களைக் காக்கும் தூய நீர்ச் சட்டத்தையும் கொண்டுவந்தது. கிணற்றைச் சுற்றி 100 மீட்டர் ஆர வட்டம், அதற்கு வெளியே இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, 25 ஆண்டுப் பயண நேர எல்லைகள் என்று பாதுகாப்பு மண்டலங்கள் வந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் வட்டத்துக்கு வெளியே எல்லைகள் பயண நேரத்தில் வரையறுக்கப்படுகின்றன. அந்த நேரத்தைக் கணிக்க மீண்டும் கடற்பஞ்சு மாடலையே எடுத்தால், விரிசல் பாறையில் 'இரண்டு ஆண்டு' கோடு உண்மையில் ஒரு வாரக் கோடாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் கடும்பாறைதான். அங்கும் நீர் விரிசலில்தான் ஓடுகிறது என்பதை வட்டம் வரைபவர்கள் நினைவில் வைக்கலாம்.

எனவே இத்தகைய பாறையில் முதலில் சாயம், பிறகு மாடல். யுரனைன் அல்லது ரோடமின் டபிள்யூடி என்ற ஒளிரும் சாயங்கள் பயன்படும். சாயம் விடும் முன்பே சில நாள் கிணற்று நீரை அளந்து பின்னணி ஒளிர்வைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டிகளின் குளிர்விப்பு நீரிலும் யுரனைன் கலந்திருக்கும் என்பதால் சாலையோரக் கிணற்றில் இது ஏமாற்றும். பம்ப் வழக்கமாக ஓடும் அளவில் ஓட வேண்டும். முதல் இரண்டு நாள் மணிக்கொரு மாதிரி. பிறகு இடைவெளியைக் கூட்டலாம். 'மாடல் 30 நாள் சொல்கிறது, வாரம் ஒருமுறை எடுத்தால் போதும்' என்று அட்டவணை போட்டால், சாயம் முதல் மாதிரிக்கு முன்பே வந்து போயிருக்கும். 'தொடர்பு இல்லை' என்று அறிக்கை எழுதப்படும். உச்சம் வரும் நேரத்தைவிட முதலில் எட்டிப்பார்க்கும் நேரம் முக்கியம். கிருமிகள் பெரிய விரிசல்களிலேயே பயணிப்பதால் கரைந்த சாயத்தின் சராசரியைவிட முந்தியே வரக்கூடும்.

ஐந்தாம் கிணற்றுக்கு இந்தச் சோதனை, யாரும் திட்டமிடாமலே, 1978-இலேயே நடந்திருந்தது. கிணறு போட்டதும் பம்ப் ஓட்டிச் சோதித்தார்கள். ஓடத் தொடங்கி 24 மணி நேரம் ஆனபோது எடுத்த மாதிரியில் மலக் கோலிஃபார்ம் வந்துவிட்டது. பக்கத்து ஊற்றுகளில் நீர் வரத்தும் குறைந்தது. சோதனை நடத்திய நிலத்தடி நீர் ஆய்வாளர், சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப் பாதுகாப்பு எல்லை அமைக்கலாம் என்று எழுதினார். 1979-இல் நிபந்தனை எதுவும் இல்லாமல் கிணற்றுக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது.